முகத்துக்கு மருந்தான நஞ்சு

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதனுடைய மகிழ்ச்சியும் துயரமும், நாணமும் சினமும், அவன் வாய் திறப்பதற்கு முன்னரே முகத்திற் புலப்பட்டுவிடுகின்றன. ஆயினும் அம்முதுமொழி பொய்த்துப்போகும் நிலைமைகளும் உலகில் உள. அகம் மகிழ்ந்திருக்க, முகத்தின் ஒரு பாதி அசையாது கிடப்பதுண்டு. யாரையும் எள்ளும் எண்ணம் இல்லாதிருக்க, கண் தானே மூடி மூடித் திறப்பதுண்டு. பார்வை குறைவற்றிருந்தும் இமைகள் இறுகிப் பூட்டிக்கொள்வதால் குருடரைப் போலத் தடுமாறுவோரும் உளர். இத்தகையோருக்கு இன்று பெருந்துணையாய் அமைந்துள்ள மருந்து, மனிதர் அறிந்த நஞ்சுகளுள் மிகக் கொடியது எனக் கருதப்படும் ஒன்றாகும். அந்நஞ்சு மருந்தாகிய வரலாறு ஏறக்குறைய இருநூறு ஆண்டு நீண்டது. அதனைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் முகத்தை இயக்கும் நரம்பைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் ஏழாவதே முகநரம்பு. செவிக்குப் பின்னுள்ள எலும்பின் ஒடுங்கிய குழாய் வழியாக வெளிவந்து, அது கிளைகளாகப் பிரிந்து நெற்றி, இமை, கன்னம், உதடு, கழுத்து ஆகியவற்றின் தசைகளுக்குச் செல்கின்றது. நாம் சிரிப்பதும் சீறுவதும் இமைப்பதும் இந்நரம்பின் ஏவலினாலேயே. இந்நரம்பின் தொழிலைத் தெளிவாக்கியோருள் முதன்மையானவர், எடின்பரோவில் 1774 ஆம் ஆண்டிற் பிறந்த சேர் சார்ல்ஸ் பெல் என்னும் சத்திரவைத்தியர். அவர் சித்திரம் தீட்டுவதிலும் வல்லவர். ஓவியர்களுக்கென முகபாவங்களின் உடற்கூற்றை விளக்கி 1806 ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் 1821 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் முன் நரம்புகளைப் பற்றிய தமது ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். முகநரம்பு செயலிழப்பதால் முகம் ஒருபுறம் கோணும் நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நாம் அதனை முகவாதம் என்கிறோம்.

முகவாதம் பெரும்பாலும் திடீரென வருவது. இரவு நலமாக உறங்கியவர் காலையிற் கண்ணாடியைப் பார்க்கும்போது வாய் ஒருபக்கம் இழுத்திருப்பதையும், மற்றைப் பக்கத்துக் கண் மூட மறுப்பதையும் காண்பார். இந்நோயுற்றவர்களுள் பத்தில் ஏழு பேர் அளவினர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் முழுதும் தேறுகின்றனர். தொடக்கத்திலேயே, மூன்று நாட்களுக்குள், உரிய மருந்தை உட்கொண்டால் தேறும் வாய்ப்பு இன்னும் மிகும். எஞ்சியோருக்கே தொல்லை. சிதைந்த நரம்பு மீண்டும் வளரும்பொழுது, அதன் இழைகள் தாம் முன்னர் சென்ற தசையை விட்டு வேறு தசையைச் சென்றடைந்து விடுவதுண்டு. இமைக்குச் செல்லவேண்டிய கட்டளை உதட்டுக்கும் போய்விடுகின்றது. ஆதலால் அம்மனிதர் கண்ணிமைக்கும் போதெல்லாம் வாயோரம் இழுபடும். புன்னகை செய்யும் போதெல்லாம் கண் சுருங்கி மூடும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குரிய இழைகள் கண்ணீர்ச் சுரப்பியைச் சென்றடைந்தால், உணவு உண்ணுந்தோறும் கண்ணீர் வழியும். இதனை வைத்தியர்கள் முதலைக் கண்ணீர் என்று பெயரிட்டழைக்கின்றனர்.

வாதத்தினால் அசைவு குன்றுவது ஒருவகை. அசைவு மிகுவது மற்றொரு வகை. முகத்தின் ஒரு பாதி மட்டும் ஓயாது துடிப்பதை அரைமுகத் துடிப்பு எனலாம். ஆங்கில நரம்பியல் வைத்தியர் கவர்ஸ் என்பார் 1888 ஆம் ஆண்டில் இதனை விரித்துரைத்தார். மூளைத்தண்டின் அருகே ஓர் இரத்தக்குழாய் முகநரம்பை அழுத்துவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது பின்னர் புலனாயிற்று. இன்னொன்று இமை இசிவு. இருகண் இமைகளும் தம் விருப்பப்படி இறுகி மூடிக்கொள்வது இதன் இயல்பு. பிரெஞ்சு வைத்தியர் மெய்ஜ் 1910 ஆம் ஆண்டில் இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதினார். ஆயினும் அதற்குப் பின்னரும் பல்லாண்டுக்காலம் இந்நோயாளர் பலர் மனக்கோளாறு உடையவர் எனக் கருதப்பட்டனர். கண்ணிலே குறை காணாத வைத்தியர், உள்ளத்திலே குறை தேடினார். வீதியைக் கடக்க முடியாமலும், நூலைப் படிக்க முடியாமலும், தொழிலை இழந்தும் வாழ்ந்த அம்மக்களுக்கு, நோயினால் வந்த துன்பம் ஒன்று. நோய் என்று பிறர் நம்பாமையால் வந்த துன்பம் மற்றொன்று. அக்காலத்துச் சிகிச்சைகளும் கடுமையானவை. நரம்பை அறுத்தல், நரம்பிலே மதுசாரம் ஏற்றுதல், இமைத் தசையையே வெட்டி நீக்குதல் என்பனவே அவை. துடிப்பு நின்றால் முகம் வாதமுற்றுக் கிடக்கும். வாதம் நீங்கினால் துடிப்பு மீளும்.

இனி, நஞ்சின் கதைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள வூர்ட்டம்பேர்க் நாட்டில், இறைச்சியைக் குடலிலோ இரைப்பையிலோ அடைத்து வேகவைத்துப் புகையூட்டி வைத்துண்ணும் வழக்கம் பரவியிருந்தது. 1793 ஆம் ஆண்டில் வில்ட்பாட் என்னும் ஊரில் அத்தகைய பண்டத்தை உண்ட பதின்மூவர் நோயுற்றனர். அவருள் அறுவர் மாண்டனர். நெப்போலியன் காலத்துப் போர்களால் வறுமை மிகுந்து, உணவைத் தூய்மையாகத் தயாரிக்கும் கவனமும் குன்றியபோது, இவ்வகை மரணங்கள் பெருகின. அரசாங்கமும் மக்களை எச்சரித்தது. ஆனால் காரணம் யாதென எவருக்கும் விளங்கவில்லை.

அந்நாட்டில் வைத்திய உத்தியோகத்தராய் இருந்தவர் யுஸ்ரினுஸ் கேர்னர். அவர் 1786 ஆம் ஆண்டிற் பிறந்தவர். வைத்தியராக மாத்திரமன்றிக் கவிஞராகவும் புகழ்பெற்றவர். அவருடைய பாடல்களுக்கு இசைமேதை ஷூமான் 1840 ஆம் ஆண்டில் இசையமைத்துள்ளார். கேர்னர் நோயுற்றோர் வீடுகளுக்குச் சென்று, அவர்களுடைய குறிகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். 1820 ஆம் ஆண்டில் எழுபத்தாறு பேருடைய வரலாற்றையும், 1822 ஆம் ஆண்டில் நூற்றைம்பத்தைந்து பேருடைய வரலாற்றையும் நூல்களாக வெளியிட்டார். வாய் உலர்கின்றது, இமை தாழ்கின்றது, பொருள் இரண்டாய்த் தோன்றுகின்றது, விழுங்க இயலவில்லை, கைகால் சோர்கின்றன, ஈற்றில் மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. ஆயினும் அறிவு மாத்திரம் தெளிவாகவே இருக்கின்றது. இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கிய கேர்னர், இந்நஞ்சு மூளையைக் கெடுப்பதன்று, நரம்பிலிருந்து உறுப்புக்குச் செல்லும் செய்தியைத் தடுப்பதே என உய்த்துணர்ந்தார். காற்றுப் புகாத நிலையிலேயே அது தோன்றுகின்றது என்பதையும் கண்டார். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததோடு அமையாது, தாமே சில துளிகளைச் சுவைத்தும் பார்த்தார்.

அந்நூலின் இறுதிப் பகுதியில் அவர் துணிந்து ஒரு கருத்தை வெளியிட்டார். செய்தியைத் தடுப்பதே இதன் இயல்பாயின், அளவுக்கு மிஞ்சி இயங்கும் தசைகளையும் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் சுரப்பிகளையும் அடக்குவதற்கு இதனை மிகச் சிறிய அளவிற் கையாளலாகாதோ என்பதே அக்கருத்து. உடல் தானே நடுங்கி ஆடும் நோயொன்றை அவர் உதாரணமாகக் காட்டினார். இது வெறும் ஊகமே என்பதையும் ஒளிக்காது கூறினார். நஞ்சைப் பிரித்தெடுக்கும் வழியே அறியப்படாத அக்காலத்தில், அவ்வூகத்தைச் சோதித்துப் பார்க்க யாராலும் இயலவில்லை. கேர்னர் 1862 ஆம் ஆண்டில் மறைந்தார்.

நஞ்சின் பிறப்பிடத்தைக் கண்டறிந்த பெருமை பெல்ஜியம் நாட்டுப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் என்பவருக்கு உரியது. 1895 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் எல்லெசெல் என்னும் கிராமத்தில் ஒரு முதியவரின் மரணச் சடங்கு நடைபெற்றது. அதிலே வாத்தியம் இசைத்த குழுவினர் முப்பத்துநால்வர் சடங்கு முடிந்ததும் உணவருந்தினர். உப்புநீரில் ஊறவைத்த சமைக்காத பன்றித்தொடை இறைச்சி அவ்வுணவில் இருந்தது. அவருள் மூவர் இறந்தனர். வேறு பத்துப் பேர் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டனர். எர்மெங்கெம் எஞ்சிய இறைச்சியையும் இறந்தவரின் உடற்பகுதியையும் ஆராய்ந்து, காற்றில்லாத இடத்தில் மட்டும் வளரும் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன் வித்துகள் எளிதில் அழிவன அல்ல; காற்றுப் புகாது வைக்கப்பட்ட உணவில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. இலத்தீன் மொழியில் இறைச்சி அடைத்த குடலுக்கு வழங்கிய பொற்றுலுஸ் என்னும் சொல்லின் அடியாக இந்நோய்க்கு முன்னரே பெயர் அமைந்திருந்தது. அப்பெயரே பற்றீரியாவுக்கும் அது சுரக்கும் பொற்றுலினம் நஞ்சுக்கும் நிலைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் அந்நஞ்சை முதலில் நாடியவர் வைத்தியர் அல்லர், போர்த்துறையினர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா மேரிலாந்து மாநிலத்தில் டெற்றிக் முகாமில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை அமைத்தது. எதிரி அந்நஞ்சை ஆயுதமாக்கக்கூடும் என்ற அச்சமும், தாமே ஆயுதமாக்கலாம் என்ற எண்ணமும் அங்கே இருந்தன. 1946 ஆம் ஆண்டில் அங்குள்ள விஞ்ஞானிகள் ஏ வகை நஞ்சைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுத்தனர். அங்கே பணியாற்றிய எட்வேட் ஷான்ஸ் என்னும் உயிர் இரசாயனர், அந்நஞ்சைத் தூய்மையாகத் தயாரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, அதனை வேறு ஆராய்ச்சியாளருக்கும் வழங்கினார். 1949 ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே பேர்கன் முதலியோர், தசைக்குக் கட்டளை கொண்டு செல்லும் அசற்றைல்கோலின் என்னும் பொருள் நரம்பு முனையிலிருந்து வெளிப்படுவதை இந்நஞ்சு தடுக்கின்றது என்று காட்டினர். கேர்னர் நோயாளரின் படுக்கையருகே நின்று உய்த்துணர்ந்தது, நூற்றிருபத்தேழு ஆண்டுகளின் பின் ஆய்வுகூடத்தில் உறுதியாயிற்று.

கொல்லும் பொருளைக் குணமாக்கும் பொருளாக்கத் துணிந்தவர், சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் அலன் ஸ்கொற். மாறுகண் உள்ளவரின் கண்தசையை வெட்டித் திருத்தும் சத்திரசிகிச்சை பலமுறை தவறுவதைக் கண்ட அவர், இழுக்கும் தசையை மருந்தினால் தளர்த்த முடியுமா எனத் தேடினார். பல பொருள்களைச் சோதித்துப் பயன் காணாது, ஷான்ஸிடமிருந்து பொற்றுலினம் நஞ்சைப் பெற்றார். குரங்குகளின் கண்தசையில் அதனை ஏற்றியபோது, ஏற்றிய தசை மட்டும் தளர்ந்தது. விலங்குக்கு வேறு கேடு நேரவில்லை. இம்முடிவை 1973 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் மனிதருக்கும் கொடுத்து, 1980 ஆம் ஆண்டில் அதன் பயனை அறிவித்தார். மருந்துக்கு அவர் இட்ட பெயர் ஒக்குலினம்.

கண்ணை இழுக்கும் தசைக்கு ஏற்றது, இமையை மூடும் தசைக்கும் ஏற்குமன்றோ? 1980களின் தொடக்கத்தில் இமை இசிவு உற்றோருக்கும் அரைமுகத் துடிப்பு உற்றோருக்கும் இது கொடுக்கப்பட்டது. பல்லாண்டுகளாக மூடிக்கிடந்த இமைகள் சில நாட்களிலேயே திறந்தன. மனக்கோளாறு என்று தள்ளப்பட்டவர்களுக்கு இது இருமுறை விடுதலை அளித்தது எனலாம். பார்வை மீண்டது ஒன்று. தமது நோய் தசையையும் நரம்பையும் சார்ந்ததென்று உலகம் ஒப்பியது மற்றொன்று.

ஆயினும் இம்மருந்தின் பயன் மூன்று அல்லது நான்கு மாதங்களே நிலைப்பது. நரம்பு முனைகள் மெல்ல மெல்லத் தம் தொழிலை மீண்டும் பெற்றுவிடுகின்றன. ஆகவே ஆண்டுதோறும் பலமுறை ஊசி ஏற்றவேண்டும். இதன் கருத்து யாதெனில், நோயாளரின் பார்வை மருந்தின் இடையறாத வழங்கலைச் சார்ந்திருந்தது என்பதே. 1986 ஆம் ஆண்டில் அவ்வழங்கல் தடைப்பட்டது. மருந்தினால் கேடு நேர்ந்தால் நட்டஈடு கொடுப்பதற்குரிய காப்புறுதியை ஸ்கொற்றினாற் பெற முடியவில்லை. காப்புறுதியின்றி மருந்தை அனுப்பவும் இயலவில்லை. சிகிச்சை தவறியோரின் இமைகள் மறுபடி மூடத் தொடங்கின. நான்கு மாத காலம் அமெரிக்க நோயாளர் பலர் எல்லை கடந்து கனடா நாட்டுக் கண் வைத்தியசாலைகளுக்குச் சென்று ஊசி ஏற்றிக்கொண்டனர். ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படுவது மாத்திரம் போதாது. அது தேவையானவனைத் தவறாது சென்றடையும் ஒழுங்கும் வேண்டும் என்னும் பாடத்தை அந்நான்கு மாதங்கள் புகட்டின. 1989 ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரின் மாறுகண்ணுக்கும், முகநரம்புக் கோளாறுகளால் வருவது உட்பட்ட இமை இசிவுக்கும் அமெரிக்க அரசு இதனை மருந்தாக அங்கீகரித்தது. பின்னர் உரிமை கைமாறவே, பெயரும் பொற்றொக்ஸ் என மாறியது.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. துடிக்கும் முகத்தைத் தளர்த்துவது பொருந்தும். ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் முகத்துக்கு, தளர்த்தும் நஞ்சினால் யாது பயன்? முகவாதத்தை இம்மருந்து நீக்குவதில்லை என்பதை முதலில் தெளிவாகக் கூறவேண்டும். இறந்த நரம்பை அது எழுப்பாது. ஆனால் முகம் என்பது இருபுறத் தசைகளும் ஒன்றையொன்று இழுத்துச் சமன்செய்யும் ஒரு தராசு. ஒரு தட்டு ஓய்ந்துவிட்டால், மற்றைத் தட்டு எதிர்ப்பின்றி முழு முகத்தையும் தன்பக்கம் இழுக்கின்றது. நலமான பக்கத்துத் தசைகளைச் சிறிதளவு தளர்த்தினால் கோணல் குறைந்து சமநிலை பிறக்கின்றது. இம்முறை பற்றிய கட்டுரை 1989 ஆம் ஆண்டிலேயே வைத்திய ஏட்டில் வெளிவந்தது. அவ்வாறே, தவறான வழியில் வளர்ந்த நரம்பினால் கண்ணும் வாயும் சேர்ந்தியங்கும் தொல்லைக்கு, வேண்டாத அசைவைச் செய்யும் தசையில் ஊசி ஏற்றப்படுகின்றது. உண்ணும்போது வழியும் கண்ணீருக்கு, கண்ணீர்ச் சுரப்பியிலேயே ஏற்றப்படுகின்றது. சுரப்பிகளைப் பற்றிக் கேர்னர் ஊகித்ததும் இங்ஙனம் உண்மையாயிற்று. மூடாத கண்ணின் முன்புறப் படலம் உலர்ந்து புண்படாதிருக்கும் பொருட்டு, மேலிமையைத் தூக்கும் தசையைத் தளர்த்தி இமையைத் தற்காலிகமாகத் தாழ்த்துவதும் உண்டு. இச்சிகிச்சையோடு கண்ணாடி முன் நின்று செய்யும் முகப் பயிற்சியும் சேரும்போது பயன் மிகுகின்றது.

அளவே இங்கு அனைத்தும். நூறு அலகு கொண்ட ஒரு குப்பியில் அடங்கியுள்ள நஞ்சு, ஒரு கிராமின் நூறு கோடியிற் சில பங்கே. ஓர் இடத்தில் ஏற்றுவது சில அலகு மட்டுமே. அளவோ இடமோ தவறின் இமை தாழும்; பொருள் இரண்டாய்த் தோன்றும்; கண் உலரும்; வாயோரம் சரியும். இவை பெரும்பாலும் சில வாரங்களில் நீங்குவன. ஆயினும் மருந்து பரவி விழுங்குதலையும் மூச்சையும் பாதிக்கக்கூடும் என 2009 ஆம் ஆண்டில் அமெரிக்க அதிகாரிகள் கடுமையான எச்சரிக்கை விடுத்தனர். பயின்ற வைத்தியரின் கையிலன்றி வேறெவர் கையிலும் இஃது இருத்தல் ஆகாது.

கனடாவில் இமை இசிவுக்குச் சிகிச்சை பெற்றுவந்த ஒருவரின் நெற்றிச் சுருக்கங்கள் மறைந்ததைக் கண் வைத்தியர் ஜீன் கரதேர்ஸ் கண்டார். அவரும் தோல் வைத்தியரான அவர் கணவரும் 1992 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். 2002 ஆம் ஆண்டில் அமெரிக்கா அப்பயனுக்கும் அனுமதி அளித்தது. இன்று உலகோர் பலர் இம்மருந்தின் பெயரைக் கேட்டதும் முதுமையை மறைக்கும் ஒப்பனையையே நினைக்கின்றனர். அது தவறென்று கூறுவதற்கில்லை. ஆனால் அழகுக்கு முன்னர் பார்வைக்காகவும், இளமைக்கு முன்னர் இயல்பான முகத்துக்காகவும் இம்மருந்து வந்தது என்பதை மறத்தலாகாது.

அலன் ஸ்கொற் 2021 ஆம் ஆண்டில் காலமானார். இசைக்கலைஞர் மூவரைக் கொன்ற நஞ்சு, ஆயுதசாலையில் வளர்ந்த நஞ்சு, இன்று ஒரு தாய் தன் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும்போது அவள் கண் மூடாதிருக்க உதவுகின்றது. நோயாளரின் வாழ்க்கையைப் பொறுமையோடு கேட்டெழுதிய ஒரு கிராமத்து வைத்தியரின் குறிப்பிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகின்றது. நோயுற்றவர் சொல்வதை நம்பிக் கேட்டவர் ஒருவர் இருந்தமையாலேயே நஞ்சின் இயல்பு விளங்கிற்று. நம்பிக் கேளாதவர் பலர் இருந்தமையாலேயே இமை மூடியோர் நெடுங்காலம் இருளில் வாழ்ந்தனர். முகம் கோணியவரையும் கண் துடிப்பவரையும் நாம் வீதியிற் காணும்போது, நகையாமலும் விலகாமலும் அவருடைய அகத்தை நோக்குவோமாயின், வைத்தியம் தொடங்குமுன்னரே அவருடைய துன்பத்தில் ஒரு பாதி தீர்ந்துவிடும்.